பதிவு எண் 4417

ஜனவரி 19, திங்கள்

"ஓடாத கடிகாரத்தைக் குலுக்காதீர்கள். முதலில் அது நேராக மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்."

கடிகாரம் பழுது பார்ப்பது பற்றிய பழைய கையேடு, ஆறாம் பக்கம். இன்று பலகையில் இதைத்தான் எழுதினேன். பொங்கல் விடுமுறை முடிந்து எல்லாரும் வீட்டு முறுக்கும் பனங்கிழங்குமாக வந்து இறங்குகிற காலையில் கடிகாரத்தைப் பற்றி எழுதுவானேன் என்று எனக்கே தோன்றியது. ஆனாலும் வாக்கியம் நன்றாக இருந்ததால் விட மனசு வரவில்லை.

எங்கள் கல்லூரி நூலக வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. மேலே மஞ்சள் பெயின்ட்டில் 'இன்றைய வாக்கியம்' என்று எழுதியிருக்கும். நூலகத்தில் உள்ள ஏதாவது ஒரு புத்தகத்திலிருந்து ஒரு வாக்கியம், அதற்குக் கீழே புத்தகத்தின் பெயர், அதற்கும் கீழே பதிவு எண். தினமும் ஒன்பது மணிக்குள் எழுதிவிட வேண்டும். போன ஜூன் மாதம் நூலகர் ஆவுடையம்மாள் மேடம் இந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். வகுப்பு இல்லாத நேரமெல்லாம் அங்கேயே கிடக்கிறவள் நான் ஒருத்திதான் என்பது சொல்லாத காரணம்.

மேடத்துக்கு ஒரே ஒரு விதிதான். "பொஸ்தகம் நம்ம லைப்ரரில இருக்கணும் பிள்ள. இல்லாத பொஸ்தகத்த எழுதிப் போட்டு ஆசை காட்டிராத."

சாயந்திரம் பலகையைத் துடைத்துவிடுவார்கள். முன்பெல்லாம் அன்றைய வாக்கியத்தை விடுதி அறைக்கு வந்து பெனிட்டாவிடம் சொல்வேன். அவள் கணிதக்காரி. "இதுல என்னட்டி இருக்கு?" என்பாள். நான் விளக்குவேன். அவள் தலையணையைத் தூக்கி எறிவாள். இப்போது சொல்ல ஆளில்லை. அதனால் இந்த நோட்டு.

ஜனவரி 20, செவ்வாய்

"பயன்படுத்தாத கிணற்றையும் மூடி வைக்க வேண்டும்." நிலத்தடி நீர் பற்றிய அரசாங்கச் சிறுநூல். பலகையில் எழுதிவிட்டுப் பத்து நிமிடம் தள்ளி நின்று பார்த்தேன். நாற்பது பேர் கடந்து போனார்கள். இரண்டு பேர் படித்தார்கள். ஒருத்தி பலகையில் தன் முகம் தெரிகிறதா என்று பார்த்துப் பொட்டைச் சரி செய்துகொண்டாள்.

பெனிட்டா 22-ஆம் அறைக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. கிறிஸ்துமஸ் முடிந்து ஊரிலிருந்து வந்த அன்றே வார்டனிடம் அறை மாற்றிக் கேட்டாளாம். காரணம் எனக்குத் தெரியாது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் குளிக்கப் போயிருந்தேன். அலமாரியில் ஒரு தட்டு கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. நல்லதுதான். இன்னும் அதில் எதுவும் வைக்கவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

"நோயாளி 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சொன்னால், அதையும் குறித்துக்கொள்ளவும்."

செவிலியருக்கான கையேடு. இந்த வருடம் நான் படித்ததிலேயே நல்ல வாக்கியம் இதுதான். எழுதியவருக்கு இலக்கியம் பண்ணுகிற எண்ணமே இருந்திருக்காது. யாரோ ஒரு தலைமைச் செவிலியர், இருபது வருடம் வார்டில் நடந்து நடந்து கால் வலித்து, ஒரு நாள் உட்கார்ந்து எழுதியிருப்பார். கதைப் புத்தகங்களை விட இப்படிப்பட்ட புத்தகங்களில்தான் எனக்கு வாக்கியம் அகப்படுகிறது. கதை எழுதுகிறவர்கள் நல்ல வாக்கியம் வரப்போவதை ஒரு பக்கம் முன்பே காட்டிக்கொடுத்துவிடுகிறார்கள்.

அறைக்குப் புதிதாக வந்திருக்கும் முதலாண்டு சுபாஷிணி கேட்டாள். "என்னக்கா, ஒரு மாதிரியா இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல."

அவள் குறித்துக்கொள்ளவில்லை. போனில் யாரிடமோ பேசப் போய்விட்டாள்.

நோயாளி என்றதும் ஞாபகம் வருகிறது. டிசம்பர் ஒன்பதாம் தேதி பெனிட்டாவின் அப்பா இறந்துபோனார். மறுநாள் விடுதியிலிருந்து பதினோரு பேர் வேன் பிடித்து அவள் ஊருக்குப் போனார்கள். எனக்குக் காய்ச்சல், அதனால் போகவில்லை. வார்டன் தெர்மாமீட்டர் வைத்துக்கூடப் பார்த்தார்கள். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு.

ஜனவரி 25, ஞாயிறு

அம்மா பேசினாள். சங்கரன்கோவிலில் வெயில் ஆரம்பித்துவிட்டதாம். ஆடு குட்டி போட்டிருக்கிறதாம். பிறகு கேட்டாள்.

"பெனிட்டா பிள்ள எப்டி இருக்கா? துட்டி கேட்டியாட்டி?"

"கேட்டேம்மா."

"எப்பம்?"

"அப்பமே."

"சரி. கேக்காம இருந்திராத. நம்ம வீட்டுல ஒரு மாசம் தங்கி சாப்ட்ட பிள்ள. துட்டி கேக்காம அவ மொகத்துல எப்டி முழிப்ப?"

துட்டி கேட்பதை அம்மா ஒருபோதும் தவறவிட்டதில்லை. சாவு விழுந்த வீட்டுக்கு அன்றைக்குப் போக முடியாவிட்டாலும் பிறகு ஒரு நாள் போயே தீருவாள். அங்கே போனால் வீட்டார் 'வா' என்று கூப்பிடமாட்டார்கள். புறப்படும்போது நாமும் 'வாரேன்' என்று சொல்லக்கூடாது. போய் உட்கார்ந்து, கேட்டு, பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். போகாதவர்களோடு அதன்பிறகு பழைய பேச்சு கிடையாது. கல்யாணத்துக்குப் போகாதவர்களைக்கூட அம்மா மன்னித்திருக்கிறாள்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு முறைகூட என்னைக் கூட்டிக்கொண்டு போனதில்லை. பயந்துவிடுவேனாம்.

ஜனவரி 26, திங்கள்

விடுமுறை. கொடியேற்றினார்கள். ஆளுக்கொரு மிட்டாய். வாக்கியம் இல்லை.

ஜனவரி 27, செவ்வாய்

"ராணி இல்லாத பெட்டியில் சத்தம் கூடும், வேலை குறையும்." தேனீ வளர்ப்பு.

வார்டன் நான்கு நாள் விடுப்பு. எங்கள் மாடியில் இருக்கிற சத்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாக்கியம் கிடைக்காது. படித்த பிள்ளைகள் சிரித்தார்கள். மெஸ்ஸில் ஒருத்தி "ராணியக் காணும்" என்று கத்த, சாம்பார் ஊற்றுகிறவர் வரைக்கும் சிரித்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. இடப்பக்கம் திரும்பிச் சொல்லப் போனேன். பெனிட்டா எப்போதும் உட்காருகிற இடத்தில் எக்ஸ்ட்ரா தட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

22-ஆம் அறையிலிருந்து மட்டும் சத்தமே வரவில்லை. தண்ணீர் பிடிக்க அந்த வழியாகப் போனேன். கதவு சாத்தியிருந்தது. எங்கள் மாடியிலும் குழாய் உண்டு. ஆனால் தண்ணீர் மெதுவாக வருகிறது.

ஜனவரி 28, புதன்

ஒரு தப்பு செய்திருக்கிறேன். எழுதி வைத்துவிடுகிறேன்.

காலையில் சமையல் புத்தகத்திலிருந்து ஒரு வாக்கியம் எடுத்து வைத்திருந்தேன். சாக்பீஸை எடுத்தபோது பெனிட்டா படிக்கட்டில் ஏறி வந்தாள். வெள்ளைச் சுடிதார், தலையில் பூ இல்லை, வலது தோளில் பை. என்னைக் கடந்து நூலகத்துக்குள் போனாள். பலகையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அவள் போன பிறகு கை வேறு எதையோ எழுதிவிட்டது.

"துட்டி வீட்டு வாசல் வரை போய்த் திரும்பியவள், அதன்பிறகு யார் வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே நின்றுவிடுகிறாள்."

எழுதி முடித்துப் பார்த்தால், கீழே புத்தகத்தின் பெயர் வேண்டும், எண் வேண்டும். மணி எட்டு ஐம்பத்தைந்து. அழிக்க மனமில்லை. 'அட்டை கிழிந்த புத்தகம். பெயரும் ஆசிரியரும் தெரியவில்லை. பதிவு எண் 4417' என்று போட்டுவிட்டேன். எங்கள் நூலகத்தில் அட்டை கிழிந்த புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. நீக்கப்பட்ட நூல்களின் பட்டியலை அக்டோபரில் மேடத்துக்காக நான்தான் புதுப் பதிவேட்டில் நகல் எடுத்தேன். 4417 கரையான் அரித்து, எட்டு வருடம் முன்பு கணக்கிலிருந்து நீக்கியது. உயிரோடு இருக்கிற எண்ணைப் போட்டால் யாராவது அந்த அடுக்குக்குப் போய்ப் பார்ப்பார்கள். செத்த எண் என்றால் தொந்தரவில்லை என்று நினைத்தேன்.

ஜனவரி 29, வியாழன்

தொந்தரவு வந்துவிட்டது. தேவைச் சீட்டுப் பெட்டியில் ஒரு சீட்டு. புத்தகம் அடுக்கில் இல்லாவிட்டால் எழுதிப் போடுகிற சீட்டு. மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்கள்.

"இசக்கி, நேத்து நீ எழுதுனியே 4417, அத ஒரு பிள்ள கேட்டிருக்கா. எங்க வச்ச?"

"திருப்பி வச்சிட்டேன் மேடம். எந்த ராக்னு ஞாபகம் இல்ல."

"யாரு கேட்டிருக்கான்னு பாரு. கணிதம் ரெண்டாம் வருசம், பெனிட்டா."

சீட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். எல்லாரும் 'படிக்க' என்று எழுதுவார்கள், அல்லது காலியாக விடுவார்கள். அவள் 'மீதியையும் படிக்க வேண்டும்' என்று எழுதியிருந்தாள். அவளுடைய எழுத்தில் ம எப்போதும் வீங்கித்தான் இருக்கும். மேடம் அந்தப் பக்கம் திரும்பியபோது சீட்டை எடுத்து இன்னொரு தடவை படித்தேன்.

ஜனவரி 30, வெள்ளி

"என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனாள். அதற்குள் ஊர் வந்துவிட்டது." பதிவு எண் 4417.

நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. எட்டே முக்காலுக்கே எழுதிவிட்டுச் செய்தித்தாள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். ஒன்பது பத்துக்குப் பெனிட்டா வந்தாள். பலகைக்கு முன்னால் நின்றாள். பையை இடத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். ஒரு வாக்கியத்தைப் படிக்க இவ்வளவு நேரம் ஆகாது. மணி அடித்த பிறகும் நின்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. மதியம் உப்புமாவை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 2, திங்கள்

பெனிட்டா என்னிடம் பேசினாள்.

துணி காயப்போடுகிற மொட்டைமாடியில், நான் போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தபோது வந்தாள். ஐம்பத்தைந்து நாளுக்குப் பிறகு. எண்ணியதாக நினைக்க வேண்டாம், காலண்டர் பார்த்தால் யாருக்கும் தெரியும்.

"அந்தப் பொஸ்தகம் ஒங்கிட்டயா இருக்கு?"

"இல்ல. லைப்ரரிலதான் எங்கயோ இருக்கு."

"மேடம் தேடிக்கிட்டே இருக்காவ."

"கெடைக்கும்."

அவள் என் போர்வையின் அடுத்த முனையைப் பிடித்தாள். பழக்கத்தில் பிடித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கமாக முறுக்கிப் பிழிந்தோம். தண்ணீர் காலில் கொட்டியது.

"அந்தப் பொண்ணு கடைசில உள்ள போனாளா இல்லையா? அத மட்டும் சொல்லு."

"நான் அதுவரைக்கும் படிக்கல."

போர்வையைக் கொடியில் போட்டுவிட்டு, அதை நீவிக்கூட விடாமல் இறங்கிப் போனாள். வழக்கமாக நீவி விடுவாள்.

பிப்ரவரி 4, புதன்

"திரும்பி வந்த பேருந்தில் எல்லா இருக்கையும் காலியாக இருந்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள்." பதிவு எண் 4417.

இந்த நோட்டை நான் மட்டும்தான் படிக்கிறேன். என்னிடமே இன்னும் எத்தனை நாள் பொய் சொல்வது?

எனக்குக் காய்ச்சல் இல்லை. வேனில் போகப் பயம். எல்லாரும் அழுவார்கள், எனக்கு அழுகை வராவிட்டால் என்ன செய்வது, பெனிட்டாவிடம் என்ன சொல்வது? அன்று கட்டிலில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு வேன் கிளம்புகிற சத்தத்தைக் கேட்டேன். பிறகு மனசு கேட்கவில்லை. டிசம்பர் பதினாலு, ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் திசையன்விளை போய், அங்கிருந்து அவள் ஊருக்குப் போகிற பேருந்தில் ஏறினேன். வழியெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டே போனேன். படித்த புத்தகங்களிலிருந்து சாவைப் பற்றி நல்ல வாக்கியமாக மூன்று. சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தேன். மூன்றுமே அழகாக இருந்தன. அவள் அப்பா என்னை "எழுத்தாளரம்மா" என்று கூப்பிட்டு மீன் பொரித்துக் கொடுத்தவர். அவருக்கு அந்த மூன்றும் பொருந்தவில்லை.

கடைசி நிறுத்தத்தில் இறங்கினேன். சிலுவை நட்டிருக்கும் குருசடிக்குப் பக்கத்திலிருந்து பார்த்தால் அவள் வீட்டு முற்றம் தெரியும். பந்தல் பிரிக்காமல் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள். பெண்கள் நடுவில் பெனிட்டா உட்கார்ந்திருந்தாள். ஐம்பதடி இருக்கும். டிரைவர் டீ குடித்து முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றேன். வண்டியைக் கிளப்பியதும் அதே பேருந்தில் ஏறிவிட்டேன்.

கண்டக்டர் கேட்டார். "என்ன பிள்ள, வந்த வண்டியிலயே திரும்புத? வீட்டுல ஆள் இல்லையா?"

"இல்ல" என்றேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

இன்று நடந்ததை எழுதவே கை கூசுகிறது.

நூலகத்தில் வருடாந்திரச் சரிபார்ப்பு. மூன்று பேராசிரியர்கள் பதிவேடுகளோடு உட்கார்ந்தார்கள். தேவைச் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர் 4417-இல் நின்றார். நீக்கப்பட்ட நூல்கள் பதிவேட்டைப் புரட்டினார். பிறகு மேடத்தைக் கூப்பிட்டார்.

"கரையான் அரிச்சுப் போச்சுன்னு நீங்க கையெழுத்துப் போட்டு நீக்குன பொஸ்தகம். போன வாரம் பலகையில வந்திருக்கு. இந்த வாரமும் வந்திருக்கு. நல்லா இருக்குற பொஸ்தகத்த ஏம்மா நீக்குனீங்க? இப்ப அது யார்ட்ட இருக்கு?"

மேடத்துக்கு முகம் வெளிறிவிட்டது. "சார், அத நான் நெருப்புல போட்டதுக்கு அன்னைக்கு ரெண்டு பேர் சாட்சி." பிறகு என்னைப் பார்த்தார்கள். "இசக்கி, நீதான எழுதுன? எங்க இருந்து பிள்ள எடுத்த?"

காணாமல் போன புத்தகம் என்றால் தேடச் சொல்லியிருப்பார்கள். நீக்கிய புத்தகம் நடமாடினால் நூலகர்தான் பதில் சொல்ல வேண்டும். பதிவேட்டை நகல் எடுத்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. மேடம் தற்காலிகப் பணி. வருடா வருடம் மார்ச்சில் புதுப்பித்தால்தான் வேலை உண்டு. இதெல்லாம் அந்த நிமிடம் தலைக்குள் ஓடியது. வாயில் வந்தது வேறு.

"ஞாபகம் இல்ல மேடம்."

மேடத்தைத் திங்கட்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் தரச் சொல்லிவிட்டுப் போனார்கள். மேடம் என்னைத் திட்டவில்லை. 'எண் மாறி வேறதப் போட்டு எரிச்சிட்டேனோ' என்று முனகிக்கொண்டே கடைசி அடுக்கில் ஏணி போட்டு ஏறி, இல்லாத புத்தகத்தைத் தேட ஆரம்பித்தார்கள். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மணி நேரம் நின்றேன். என்னைப் போல ஒருத்தியை நான் எந்தப் புத்தகத்திலாவது படித்தால் அந்தப் பக்கத்தோடு மூடிவைத்துவிடுவேன்.

பிப்ரவரி 7, சனி

சாப்பிடவில்லை. ஒன்றுமில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

"உப்புக் குறைந்தால் சேர்த்துக்கொள்ளலாம். கூடிவிட்டால், விருந்தாளி வாயில் வைப்பதற்கு முன் சொல்லிவிடுவது நல்லது."

போன மாதம் பலகைக்கென்று எடுத்து வைத்து, எழுதாமல் விட்ட சமையல் புத்தக வாக்கியம் இதுதான். அன்றைக்கு இதை எழுதியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. இந்த அம்மாள் என்ன தைரியமாக எழுதியிருக்கிறாள்! மறைக்க வழி சொல்லவில்லை, உருளைக்கிழங்கு போடச் சொல்லவில்லை. சொல்லிவிடு என்கிறாள்.

சொன்னால் மேடத்தின் வேலை தப்பும். பெனிட்டாவுக்கு நான் யாரென்று தெரிந்துவிடும். வாசல் வரை வந்து திரும்பிப் போனவள். அதைக் கதையாக்கிப் பலகையில் எழுதி, அவளையே மூன்று நாள் நின்று படிக்க வைத்தவள். இப்போதாவது போர்வையின் ஒரு முனையைப் பிடித்தாள். தெரிந்த பிறகு அதுவும் கிடையாது. போகட்டும். மேடம் மறுபடியும் ஏணியில் ஏறுவதை என்னால் பார்க்க முடியாது.

பிப்ரவரி 9, திங்கள்

காலை எட்டரைக்குப் பலகையில் எழுதியது:

"பதிவு எண் 4417 கரையான் அரித்து முறைப்படி நீக்கப்பட்ட புத்தகம். அது இப்போது எங்கும் இல்லை. அதிலிருந்து எடுத்ததாக நான் எழுதிய மூன்று வாக்கியங்களும் நானே எழுதியவை. நூலகருக்கு இதில் தொடர்பில்லை. அந்தப் பெண் உள்ளே போகவில்லை. – அ. இசக்கிப்பிரியா, இரண்டாம் ஆண்டு பொருளியல்."

இதே விவரத்தைக் கடிதமாகவும் எழுதி முதல்வர் அறையில் கொடுத்தேன். கடைசி வரியை மட்டும் கடிதத்தில் எழுதவில்லை.

இன்றைக்கு எல்லாரும் பலகையைப் படித்தார்கள். முகம் பார்க்க வருகிறவள்கூடப் படித்தாள். முதல்வர் கூப்பிட்டுக் கண்டித்தார்கள், மன்னிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டார்கள். மேடத்தின் விளக்கத்தை ஏற்றுக்கொண்டதாகவும் சொன்னார்கள். நான் நூலகத்துக்கு ஓடினேன். மேடம் என் கையிலிருந்த சாக்பீஸ் டப்பாவை வாங்கி மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார்கள்.

"ஒன்ன நம்பித்தான பிள்ள பதிவேட்டயே தூக்கிக் குடுத்தேன்."

"மேடம்..."

"வெள்ளிக்கெழம நீ அந்த ஏணியப் பிடிச்சிட்டு நின்ன பாரு. அதத்தான் என்னால தாங்க முடியல. போ. இனி பலகைய வேற பிள்ள எழுதட்டும்."

நியாயம்தான். கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பெனிட்டா பலகையைப் பார்த்தாளா என்று தெரியாது.

பிப்ரவரி 10, செவ்வாய்

சாயந்திரம் ஐந்து மணிக்கு 22-ஆம் அறைக்குப் போனேன். கையில் தாள் இல்லை, வாக்கியம் எதுவும் யோசிக்கவில்லை. யோசித்தால் திரும்பிவிடுவேன் என்று தெரியும்.

கதவு திறந்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். 'வா' என்று சொல்லவில்லை. வாசற்படியில் நின்றேன். பிறகு உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கையைப் பிடித்தேன். பேனா மை என் விரலில் ஒட்டியது.

அவள்தான் முதலில் பேசினாள்.

"அன்னைக்குப் பச்சைச் சுடிதார் போட்டிருந்த."

பிடித்திருந்த கையை விட்டுவிட்டேன்.

"குருசடிகிட்ட நின்ன. வெயில்ல, கொடகூட இல்லாம. எங்க மாமிகிட்ட, எம் பிரெண்டு வாரா, ஒரு நாக்காலி எடுத்துப் போடுங்கன்னு சொன்னேன். போட்டாவ. திரும்பிப் பாத்தா நீ பஸ்ல ஏறுத."

"பெனி..."

"அந்த நாக்காலில அன்னைக்கு முழுக்க யாரையும் உக்கார விடல. அடுத்த வண்டில வருவன்னு பாத்தேன்."

"என்ன சொல்லன்னு தெரியலட்டி."

"பதினோரு பேரு வந்தாளுவளே, ஒருத்தியாவது எதாவது சொன்னாள்னு நெனைக்கியா? ரோஸ்லின் என் தோள்ல சாஞ்சு தூங்கியே போயிட்டா." அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது. "அந்தச் சீட்டு எதுக்குப் போட்டேன்? பொஸ்தகம் இல்லன்னு அன்னைக்கே தெரியும். வந்து நீயே சொல்லுவன்னு நெனச்சேன். மாடில கேட்டதுக்குக்கூட நீ சொல்லல. மேடத்துக்கு இவ்வளவு ஆகும்னு எனக்குத் தெரியாது. காலைல போய் அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன்."

அம்மா துட்டி வீட்டில் என்ன கேட்பாள் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அம்மா திரும்பி வந்து அப்பாவிடம் சொல்வதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அங்கே போய் அவள் சொல்வது எதுவும் கிடையாது, கேட்பது மட்டும்தான். நான் கேட்டேன்.

"அப்பாவுக்கு என்ன செஞ்சுதுட்டி?"

அவள் கணக்கு நோட்டை மூடிவைத்தாள். அதன்பிறகு சொன்னாள். விடியற்காலம் கடலிலிருந்து வந்திருக்கிறார். வலையை உதறிப் போட்டிருக்கிறார். நெஞ்சு கரிக்கிறது, கட்டங்காப்பி போடு என்று கேட்டிருக்கிறார். "அம்மா போட்டு எடுத்துட்டு வாரதுக்குள்ள... காப்பி சூடு ஆறல இசக்கி. டம்ளர்ல அப்படியே இருந்திச்சாம். அம்மா அத யாரையும் எடுக்க விடல, சாயங்காலம் வர."

சொல்லி முடித்துவிட்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. வராமல் போய்விடுமோ என்று இரண்டு மாதம் பயந்துகொண்டிருந்த அழுகை.

"இத எல்லார்ட்டயும் சொல்லியாச்சு" என்றாள் பெனிட்டா. "ஒங்கிட்டதான் சொல்லாம இருந்துது."

மெஸ் மணி அடிக்கும்போது எழுந்தேன். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். 'வாரேன்' என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அவளும் எதுவும் சொல்லவில்லை. படியிறங்கி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 11, புதன்

பலகையில் இன்று வேறு யாரோ எழுதியிருந்தார்கள். எழுத்து சரிவாகக் கீழே இறங்கிப் போயிருந்தது. நின்று படித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் நான் எடுத்து வைக்கிற வாக்கியம் அதற்கு முன்பே, காலையிலேயே கிடைத்துவிட்டது.

"வாட்டி, இட்லி தீந்துரும்."

– பெனிட்டா, மெஸ் வரிசை, ஏழு நாற்பது.